பழைய ரைபிளைப் புதைக்கத் துடிப்பவர்களுக்கு

என்னிடம் படித்த ஒருவர் போன மாதம் தொலைபேசியில் பேசினார். அவர் அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அப்பா பெயரில் லைசென்ஸோடு ஒரு பி.எஸ்.ஏ. மார்ட்டினி ரைபிள் இருந்தது; .22, டார்கெட் ரகம். அறுபதுகளில் வாங்கியதாம். அதை என்ன செய்வது என்று மூன்று பேரிடம் கேட்டிருக்கிறார். வக்கீல் ஒருவர், அரசு அலுவலர் ஒருவர், பெரிய நகரத்து ரைபிள் கிளப் ஒன்றில் உறுப்பினராக இருக்கும் உறவினர் ஒருவர். மூவரும் ஒரே பதில்: "ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வை. அந்தக் காலத்துச் சாமான். இனி அதை வைத்து என்ன போட்டியில் சுட முடியும்?"

முதல் இருவரையும் விட்டுவிடுகிறேன், துப்பாக்கி அவர்கள் தொழில் இல்லை. மூன்றாமவர் மேல்தான் எனக்குக் கோபம். துப்பாக்கி தெரிந்தவர் சொல்லக்கூடிய பேச்சா இது? அவர் ஒருவர் பேச்சும் அல்ல. நம் ஊர்ப்பக்கம் குறிபார்த்துச் சுடுதல் என்ற விளையாட்டே தலையெடுக்காமல் போனதற்கு இந்த "புதுசு இருந்தால் வா" பேச்சு ஒரு பெரிய காரணம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்ன போட்டி என்று கேட்டார் அல்லவா, சில்லவுட் ஷூட்டிங் என்று ஒன்று இருக்கிறது. தமிழில் நிழலுருச் சுடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். காகித அட்டையில் வட்டம் பார்த்துச் சுடுவது அல்ல. இரும்புத் தகட்டில் வெட்டிய விலங்கு உருவங்கள் வரிசையாக ஒரு தண்டவாளத்தின் மேல் நிற்கும். கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக் கடா என்று நான்கு. குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் கீழே விழ வேண்டும். விழுந்தால் ஒரு பாயிண்ட், விழாவிட்டால் பூஜ்யம். ஸ்கோர் கணக்குப் போட மெஷின் வேண்டாம், "டங்" என்ற சத்தம் சொல்லிவிடும். ஐந்து உருவம், ஐந்து தோட்டா, இரண்டரை நிமிடம், இடமிருந்து வலமாக வரிசை தப்பாமல் சுட வேண்டும்.

இது மெக்ஸிகோவில் பிறந்தது. முதலில் உயிருள்ள பிராணிகளையே கட்டிவைத்துச் சுட்டார்கள், கொடுமைதான். 1948-இல் உயிருக்குப் பதில் இரும்பு உருவத்தை வைத்து மெக்ஸிகோ நகரில் போட்டி நடத்தினார்கள். அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவுக்குள் வந்து அங்கிருந்து பரவியது. பெரிய ரைபிளுக்குத் தூரம் 200, 300, 385, 500 மீட்டர். .22-க்கு உருவத்தையும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள், தூரத்தையும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். ஆக 40 மீட்டரில் கோழி, 60-இல் பன்றி, 77-இல் வான்கோழி, 100-இல் கடா. அந்த 77 எங்கிருந்து வந்தது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். 385-ஐ ஐந்தால் வகுத்துப் பாருங்கள்.

நண்பர்களே, இப்போது கொஞ்சம் கணக்கு. ஐம்பது மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி கொடுக்கும் வட்டத்தின் குறுக்களவு இன்று 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பித்தான் அளவு. இதற்கென்று செய்யப்பட்டதுதான் டார்கெட் ரைபிள். படுத்துக்கொண்டு, நல்ல தோட்டா போட்டுச் சுட்டால் பித்தானுக்குள் போடக்கூடிய பேரல், நூறு மீட்டரில் சுமார் இரண்டு பித்தான் அகலத்துக்குள் போடும். அங்கே நிற்கும் கடா ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். நாற்பது மீட்டரில் நிற்கும் கோழி உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனாலும் பித்தானைவிடப் பல மடங்கு பெரியது. அப்படியிருக்க, அறுபதுகளின் ரைபிள் போதாது என்று சொல்பவர் எதை வைத்துச் சொல்கிறார்? பேரல் தேய்ந்திருக்கும் என்பார்கள். .22 தோட்டாவின் முனை வெறும் ஈயம், மருந்தும் கொஞ்சம். ஒரு .22 பேரல் சுட்டுத் தேய்ந்து கெட்டதைவிட, தப்பான கம்பியை முனைப்பக்கமிருந்து குத்திக் குத்திச் சுத்தம் செய்ததாலும் மழைக்காலத்தில் எண்ணெய் காட்டாமல் வைத்ததாலும் கெட்டதே அதிகம். பேரலைப் பார்க்காமலே "தேய்ந்திருக்கும்" என்பவர், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் சந்தையில் வயசு சொல்லும் ஆசாமி.

இந்த விளையாட்டில் நின்றுகொண்டுதான் சுட வேண்டும். தோளில் ஸ்லிங் மாட்டி இறுக்கக் கூடாது. ஒலிம்பிக் ரைபிள்காரர்கள் போடுகிறார்களே, கேன்வாஸும் தோலுமாக, நிமிர்ந்து நிற்க வைக்கும் ஜாக்கெட், அது கூடாது. யோசித்துப் பாருங்கள். இன்று ஒரு பையனை ரைபிள் போட்டிக்கு அனுப்ப வேண்டுமென்றால் துப்பாக்கிக்கு முன்னாலேயே ஜாக்கெட், பேன்ட், ஷூ, கையுறை என்று ஒரு பட்டியல் நீட்டப்படுகிறது. அந்தப் பட்டியல் முழுவதையும் ஒரே விதியால் அடித்துவிட்ட விளையாட்டு இது. நிற்கும்போது ரைபிள் ஆடத்தான் செய்யும். எல்லோருக்கும் ஆடும். ஆட்டத்துக்கு நடுவே உருவத்தைக் கடக்கும் அந்த நொடியில் விசையை அழுத்தத் தெரிந்தவன் ஜெயிப்பான். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய ரைபிளும் அவன் கையில் ஆடும்தான்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையா? ஒன்று இருக்கிறது, எடை. அமெரிக்கச் சங்கத்து விதிப்படி சில்லவுட் ரைபிள் 10 பவுண்டு 2 அவுன்ஸுக்கு மேல் போகக் கூடாது, சுமார் 4.6 கிலோ. பழைய டார்கெட் ரைபிள்கள் படுத்துச் சுடுவதற்காகச் செய்யப்பட்டவை, கனமானவை. மார்ட்டினி இன்டர்நேஷனலின் கனமான வகை 6 கிலோவைத் தாண்டும். அந்த விதியின்படி அது போட்டிக்கு வெளியே. சரி, நாம் என்ன அமெரிக்க நேஷனல்ஸுக்கா போகிறோம்? நம் மாவட்டத்தில் நாமே நாலு தகடு வைத்து ஒரு போட்டி நடத்தினால் எடை வரம்பை நாமே எழுதிக்கொள்ளலாம். அங்கேயே பழைய ரைபிளுக்கென்று தனிப் போட்டி வைத்திருக்கிறார்கள் என்பதை இந்தப் புதுமைப் பித்தர்கள் சொல்வதே இல்லை. கரிமருந்துத் தோட்டா போடும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வகை ரைபிள்களுக்கு மட்டுமான சில்லவுட் போட்டி எண்பதுகளிலிருந்து நியூ மெக்ஸிகோவின் ராட்டன் ஊரில் நடக்கிறது. வெளியே சுத்தியல் தெரியும், ஒரு தோட்டா மட்டும் போடும் துப்பாக்கிகள். அதில் ஐந்நூறு மீட்டரில் கடாவை விழுத்தாட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில்லவுட்டுக்கென்றே பேர்போன ஜெர்மன் ரைபிள் ஒன்று உண்டு, அன்ஷுட்ஸ் கம்பெனியின் 54.18 எம்.எஸ். அந்தப் பெயரில் இருக்கும் 54 என்ன? 1954-இல் வந்த மேட்ச் 54 என்ற டார்கெட் ரைபிளின் இயந்திர அமைப்பு. அதாவது இவர்கள் கைகூப்பும் புதுச்சாமியின் வயிற்றுக்குள்ளே இருப்பது பழைய டார்கெட் ரைபிள்தான். கட்டையையும் எடையையும் மாற்றியிருக்கிறார்கள். மார்ட்டினி இதற்கும் மூத்தது. 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றியின் வம்சம். கீழே ஒரு நெம்புகோல், இழுத்தால் உள்ளே கட்டை இறங்கும், தோட்டாவை வைத்து மூட வேண்டியதுதான். விசை இழுத்ததற்கும் தோட்டா வெடிப்பதற்கும் இடையிலான நேரம் அதில் மிகக் குறைவு. நின்று சுடுபவனுக்கு அதுதான் முக்கியம்.

அந்த விஷயத்தில் நான் பல ஆண்டுகள் புழங்கிய துப்பாக்கி மார்ட்டினிக்கு நேர் எதிர். பள்ளி ஆசிரியனாக இருந்துகொண்டே என்.சி.சி. ஆபீசராகவும் இருந்தவன் நான். கோத்தில் எங்களிடம் இருந்தவை .22 டீலக்ஸ், நம்பர் டூ மார்க் ஃபோர். இரண்டாவது, முதல் உலகப்போர்க் காலத்து .303 லீ-என்ஃபீல்டின் உடம்பில் .22 பேரல். ஏறக்குறைய நாலு கிலோ, அமெரிக்கக்காரன் எடை வரம்புக்குள்ளேயே நிற்கும். ஆனால் விசையை இழுத்தால் பின்னாலிருக்கும் கனமான துண்டு ஊர்வலம் போவதுபோல் முன்னால் போய்த்தான் அடிக்கும். அதற்குள் முனை நகர்ந்துவிடும். இந்தக் குறையே பையன்களுக்கு ஒரு பாடம் ஆயிற்று. இழுத்த பிறகும் குறியை விடாதே, சத்தம் கேட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே இரு என்று ஹவில்தார் கத்துவார். அந்தத் துப்பாக்கியில் பழகினவன் கையில் எதைக் கொடுத்தாலும் சுடுவான்.

மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படித்த பையன்கள் எங்கள் ட்ரூப்பில் ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேர் இருப்பார்கள். கரியாலூர்ப் பக்கம், வெள்ளிமலைப் பக்கம். அப்பா அம்மா சாமையும் மரவள்ளியும் போடுவார்கள், சீசனில் கடுக்காய் பொறுக்குவார்கள். உண்டிவில்லில் அடித்து வளர்ந்த கண். காட்டுப்பன்றி வராமல் பரணில் ராக்காவல் இருந்த பொறுமை. 25 கெஜத்தில் படுத்துச் சுடச்சொன்னால் ஐந்து குண்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழும் பையன் ஒருவன் இருந்தான். ஹவில்தார் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவனைப் பெரிய ஊர்க் கிளப் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "திறமை இருக்கு சார். சொந்த ரைபிள், ஜாக்கெட் செட் இருந்தா நாளைக்கே சேத்துக்கலாம்." கிளப்பின் அலமாரியில் பழைய .22 ரைபிள்கள் மூன்று சாய்ந்து நின்றன. அதில் ஒன்றில் பழகட்டுமே என்றேன். "அதெல்லாம் காம்பெடிஷனுக்கு ஆகாது சார், வேஸ்ட்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. இன்று அவன் சின்னசேலம் பக்கத்துச் சேகோ ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு லாரி ஓட்டுகிறான். நன்றாகத்தான் இருக்கிறான், குறை சொல்லவில்லை. வேஸ்ட் என்று அன்று சொன்னவர் துப்பாக்கியை மட்டும் சொல்லவில்லை என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

இளவேனில் வாலறிவன் பிறந்தது நம் பக்கத்துக் கடலூரில். 2019-இல் ரியோவில் உலகக்கோப்பைத் தங்கம் வாங்கினார். பயின்றது எங்கே? குஜராத்தில். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பெருமைதான். கடலூரிலும் கள்ளக்குறிச்சியிலும் பிறந்த இன்னும் எத்தனை பேருக்கு அகமதாபாத் போகும் வசதி உண்டு என்று கேட்கிறேன், அவ்வளவுதான்.

புது ரைபிள் வாங்கு என்று சுலபமாகச் சொல்கிறார்களே, நம் நாட்டில் அது எப்படி என்று தெரியுமா? எண்பதுகளின் நடுவிலிருந்து தனிநபர் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதற்குக் கடும் கட்டுப்பாடு. பெயர்பெற்ற வீரர் என்று தகுதி பெற்றவருக்குத்தான் வாசல் திறக்கும். அந்தத் தகுதிக்குத் தேசியப் போட்டியில் குறைந்தபட்ச ஸ்கோர் வேண்டும். ஸ்கோருக்கு நல்ல ரைபிள் வேண்டும். ரைபிளுக்குத் தகுதி வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். இந்தச் சுற்றை உடைக்கும் ஒரே சாமான், அந்தக் கட்டுப்பாட்டுக்கு முன்னால் நாட்டுக்குள் வந்து வீடுகளில் லைசென்ஸோடு கிடக்கும் பழைய டார்கெட் ரைபிள். அதைத்தான் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கச் சொல்கிறார் உறவினர்.

ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோமே, இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது பேரலுக்குள் செம்பழுப்பு படிந்திருக்கும். அதைத் தேய்த்து எடுப்பது தனி வேலை. இரண்டு மாதத்துக்கே இப்படி. வாரிசு வந்து கேட்காத துப்பாக்கி வருடக்கணக்கில் கிடந்தால்?

அடுத்து, இதை எழுதுகிறேன் என்று சொன்னதுமே ஒரு நண்பர் கேட்ட கேள்வி: "கல்வராயன் மலைக்குப் போய்த் துப்பாக்கி விளையாட்டா? ஏற்கெனவே நாட்டுத் துப்பாக்கி பிடிபட்டது என்று பேப்பரில் வருகிறதே?" வருகிறது, மறுக்கவில்லை. குழலின் வாய்வழியாக மருந்தும் சில்லும் கெட்டித்துச் சுடும் கள்ளத் துப்பாக்கி குற்றம், ஆபத்தும்கூட. வெடித்தால் சுடுகிறவன் கையே போகும். ஆனால் அதை வைத்து ஒரு மலை முழுவதையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது என்ன நியாயம்? 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் வைக்கப்பட்டிருந்த மலை அது. பள்ளிக்கூடமும் ரோடும் பஸ்ஸும் எல்லாமே பிந்தித்தான் போயின. குறிபார்க்கும் திறமை மட்டும் அவர்களிடம் முன்பே இருந்தது. அதைச் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு வாசல் திறங்கள் என்கிறேன். துப்பாக்கியை யார் வீட்டுக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. ரைபிள் கிளப்பின் பூட்டிய அறையில் இருக்கட்டும், தோட்டாவுக்கு எண்ணிக் கணக்கு இருக்கட்டும், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கட்டும். என்.சி.சி.யில் காலம்காலமாக இப்படித்தான் நடக்கிறது. ஆயுதச் சட்டமே 12 வயது நிறைந்த பிள்ளைகளை மேற்பார்வையில் குறிபார்க்கப் பழக அனுமதிக்கிறது.

உருவம் விலங்காக இருப்பதால் கொலைவெறி வளரும் என்றும் ஒருவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோழிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்தான் இவர்! 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்து வேட்டையை நிறுத்தியது, அது சரியான சட்டம். இரும்புப் பன்றியைச் சுடுகிறவன் உயிர்ப்பன்றியைத் தொடுவதில்லை, மெக்ஸிகோக்காரன் இரும்பு வைத்ததே அதற்காகத்தான். போகட்டும், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் நம் அரசு அறிவித்தது. அந்த வனக்காவலர்கள் எங்கே பழகுவார்கள்? வட்டம் போட்ட அட்டையிலா? அறுபது மீட்டரில் நிற்கும் பன்றித் தகடு அவர்களுக்கும் உதவும்.

செலவு என்ன ஆகும்? தகடு வெட்ட நம் ஊர் வெல்டிங் பட்டறை போதும். பின்னால் உயரமான மண்மேடு வேண்டும், இதில் மட்டும் சமரசமே கூடாது. .22 தோட்டா சின்னது என்று அசட்டையாக இருக்கிறார்கள், அது 1700 கெஜம் வரை போகும் என்று என்.சி.சி. வகுப்பில் முதல் நாளே சொல்வோம். இரும்பில் பட்ட ஈயம் தெறிக்கும், எல்லோருக்கும் கண்ணாடி கட்டாயம். காப்புக்காட்டு நிலத்தைத் தொடவே வேண்டாம், அடிவாரத்தில் பட்டா நிலத்தில், கலெக்டர் அலுவலக அனுமதியோடு. அதுவும் கனவாகத் தெரிந்தால் ஏர் ரைபிளில் தொடங்குங்கள். பத்தில் ஒரு பங்கு உருவம், 20 முதல் 45 கெஜம். 20 ஜூலுக்கு மேற்படாத .177 ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை.

மார்ட்டினி வைத்திருக்கும் என் மாணவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், வேறு வீடுகளுக்கும் பயன்படலாம். லைசென்ஸ்காரர் இறந்தால் ஆயுதத்தை முறைப்படி டெபாசிட் செய்யத்தான் வேண்டும், அதில் தாமதம் கூடாது. நீங்கள் ஏற்கெனவே ஒரு வருடம் கடத்திவிட்டீர்கள், நாளைக்கே போங்கள். ஆனால் அதோடு கையைக் கழுவாதீர்கள். லைசென்ஸ் உள்ள டீலரிடம் டெபாசிட் செய்தால் எண்ணெய் காட்டி வைக்கவாவது ஆள் இருக்கும். 2016 விதிகளின்படி வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடலாம். அப்பா உயிரோடு இருந்து 70 வயது தாண்டியிருந்தால் அவரே வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையென்றால், சுடுகிற ஒருவருக்கு, லைசென்ஸ் உள்ளவருக்கு, முறைப்படி விற்கலாம். சைட்டைக் கழற்றித் தனியாக விற்றுவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பார்க்கர்-ஹேல் துவார சைட்டில் ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும். 40-க்கு எத்தனை சொடுக்கு, 100-க்கு எத்தனை என்று நோட்டில் குறித்துக்கொண்டால் நாலு தூரத்துக்கும் அது ஒன்றே போதும். முன் சைட்டில் வட்ட வளையம் இருந்தால் எடுத்துவிட்டுத் தூண் போடச் சொல்லுங்கள். வளையம் வட்ட அட்டைக்குத்தான் பொருந்தும், கோழிக்குப் பொருந்தாது.

பேரலை அறைப்பக்கமிருந்து மட்டும் துடைக்க வேண்டும். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய், இரும்புக்கு மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துவிடும்.